கற்பிட்டியிலிருந்து சிலாபத்துக்கு: மூடியில்லாத பச்சைக் காரும் நீல நூலும்

என்ன, சுகமாக இருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்களுக்கு மூட்டு வலி, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஒன்றும் இல்லையே? உங்கள் பக்கம் மழை பெய்ததா? இங்கே உடப்பில் இரண்டு கிழமையாகக் காற்று மட்டும்தான். ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து உட்காருங்கள். நான் நேராகச் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

எனக்கு எழுத வராது. நான் போனுக்குக் கதை சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது, மகள் பிழை பார்த்து இந்தப் பக்கத்தில் போடுகிறாள். வழமையாக எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்தச் சந்தியில் நல்ல பாணும் சம்பலும் கிடைக்கும் என்று சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இன்றைக்கு எனக்குக் கோபம். எழுத்தைத் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை மகள் போனில் ஒரு விளம்பரம் காட்டினாள். ஒரு கார் விற்பனைக்கு. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, மேலே மூடி இல்லாத, பழைய இங்கிலாந்துக் கார். கரும்பச்சை நிறம், கம்பிச் சக்கரம், நீளமான மூக்கு. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் போனை மகளின் கையிலிருந்து பறித்தேன். விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இங்கிலீஷில் இருந்ததை மகள் தமிழில் சொன்னாள். தொடக்கத்திலிருந்து எல்லாமே ஒரிஜினலாம். ஒரு ஆணிகூட மாற்றவில்லையாம். கடற்கரைத் தோட்டம் ஒன்றில் பத்திரமாக இருந்ததாம். யுத்தத்தின் கறை படாத காராம்.

அந்தக் காரைக் கற்பிட்டியிலிருந்து சிலாபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவன் நான். அந்தக் கார் பட்டதை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆகையால் இந்தப் பயணத்தைச் சொல்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் உதவும், பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கும் உதவும்.

சண்டைக் காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது மீன் லொறி ஓட்டினேன். சிலாபத்திலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போவேன், மீனை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். கற்பிட்டியில் சபியா ராத்தா என்று ஒருவர். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. நான் கோயிலுக்குப் போகிறவன், அவர் தொழுகிறவர், ஆனாலும் எனக்கும் அவர் ராத்தாதான். பெரிய தென்னந்தோட்டக்காரி. வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, கையில் ஒரு பையோடு வந்த முஸ்லிம் சனங்களுக்குத் தோட்டத்தின் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்திருந்தார். தென்னோலை பின்னிய கிடுகுக் கொட்டில்கள். அங்கே இருந்த ஒரே கிணறு உவர். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றோட்டம். நல்ல தண்ணீர் கிடைக்கிற இடம் தோட்டத்தின் மறு மூலையில். அங்கே ஒரு கிணறு வெட்டி, இஞ்சின் வைத்து, குழாய் போட்டுக் கொட்டில்களுக்குக் கொண்டுவர வேண்டும். தேங்காய் விற்ற காசு அரிசிக்கே சரியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ராத்தாவின் வாப்பா, அதாவது அப்பா, விட்டுப்போன அந்தக் கார்.

இங்கே கொஞ்சம் கிளை பிரிகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கற்பிட்டி ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, அதுவும் உப்புத் தண்ணீர்தான். தென்மேற்கிலிருந்து வருகிற சோழகக் காற்று உப்பை அள்ளி வீசும். இரும்பு அங்கே இரண்டு வருஷம் நின்றால் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கார் நாற்பது வருஷம் எப்படி நிற்கும்? ராத்தாவின் வாப்பா அதைக் கொப்பரா காயவைக்கும் கொட்டிலில் நிறுத்தினார். சிரட்டைச் சூடும் புகையும் ஈரத்தை அண்டவிடாது. பிறகு வருஷம் தவறாமல் சோழகம் தொடங்க முன்னம் காரின் அடிவயிற்றுக்குச் சுறா எண்ணெய் பூசுவார். வள்ளத்துக்குப் பூசுகிற அதே எண்ணெய். கார் புதிதாக வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நாற்றம் மட்டும்தான் கூட. வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் நாய்கள் வந்து சுற்றிப் படுத்துவிடும்.

கொழும்பிலிருந்து ஒரு ஐயா ஆள் விட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விலை பேசி, சிலாபம் வரைக்கும் கொண்டுவந்து தந்தால் எடுப்பதாகச் சொன்னார். சண்டைக் காலத்தில் அதற்கு மேலே வர அவருக்குப் பயம். ஒரே ஒரு நிபந்தனை, எதையும் மாற்றக் கூடாது. ஒரிஜினல் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். ராத்தா என்னைக் கூப்பிட்டு, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றிகளில் எல்லாம் உங்களைத் தெரியும், நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

மாசி மாதக் கடைசி. சுபஹு தொழுகை முடிந்து விடியும் நேரம் புறப்பட்டேன். கற்பிட்டியில் பத்து லீற்றர் பெற்றோல், நானூறு ரூபாய் சொச்சம். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி நாற்பது கிலோமீற்றர். இப்போது தார் பளபளக்கிறது. அன்றைக்குக் குழிக்குள்தான் ரோட்டு. நுரைச்சோலை தாண்டும்போது இரண்டு பக்கமும் வெங்காயப் பாத்தி. பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். லொறிக்குள் இருக்கும்போது யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. முகத்தில் காற்று அடிக்க, கதவு இடுப்பளவுக்கே இருக்க, ரோட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போகிறேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மணித்தியாலம் நான் ராசா.

பாலாவிக்குக் கொஞ்சம் முன்னால் சென்றி. எனக்குப் பழக்கமான ஆமிக்காரர்களை முதல் நாள்தான் மாற்றியிருந்தார்கள். புதுப் பிள்ளைகள். அடையாள அட்டை, லைசன்ஸ், ராத்தாவின் கடிதம், எல்லாம் பார்த்தார்கள். பிறகு ஒருவன் டிக்கியைத் திற என்றான். டிக்கி இல்லை என்றேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், சிலாபம் சந்தையில் படித்த சிங்களம். டிக்கி இல்லாத கார் உலகத்தில் இல்லை என்றான் அவன். பின்னால் இருப்பது பெற்றோல் டாங்கியும் ஸ்பெயார் சக்கரமும்தான் என்று காட்டினேன். அப்படியென்றால் சாமான் சீட்டுக்குள்ளே இருக்கிறது என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான்.

வேண்டாம் தம்பி, சீட்டைக் கழற்றித் தருகிறேன், நாலு நட்டுத்தான் என்றேன். அவன் கேட்கவில்லை. துவக்கு முனையில் இருந்த கத்தியால் சாரதி சீட்டின் சாய்வைத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே கிழி. தோல் கிழிகிற சத்தம் இருக்கிறதே, அது சீலை கிழிகிற சத்தம் இல்லை. கையை உள்ளே விட்டுக் கறுப்பாக ஒரு பிடி மயிரை இழுத்தான். இழுத்ததும் அவனே பயந்து கையை உதறினான். அந்தக் காலத்துக் காருக்கு உள்ளே குதிரை மயிர்தான் அடைப்பார்கள். அவன் வேறு எதையோ நினைத்திருப்பான். மற்றவர்கள் சிரிக்க, வெட்கத்தில் இன்னும் இரண்டு கிழி போட்டான். ஒன்றும் இல்லை. போ என்றார்கள்.

அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, எழுதிக் கொடுத்த ஒரு துண்டு இல்லை. யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். குதிரை மயிரைப் பொறுக்கி உள்ளே திணித்துக்கொண்டு புறப்பட்டேன். அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பாலாவியிலிருந்து முந்தல் வழியாகச் சிலாபம் நாற்பத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். முந்தலில் ஒரு பிளேன்டீ, மூன்று ரூபாய். அங்கே நாய்கள் எண்ணெய் மணத்துக்குக் காரைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தன. வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். பத்துளுஓயாச் சந்தியில் நேரே போகாமல் வலப்பக்கம் திருப்பினேன். உடப்புக்கு எட்டுக் கிலோமீற்றர்.

ஏன் திருப்பினேன் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வலை விற்றாலும் வள்ளம் விற்றாலும் கிழிசலோடு கைமாற்ற மாட்டோம். பழசைக் கொடுக்கலாம், வெளுத்ததைக் கொடுக்கலாம், கிழிசலைத் தைக்காமல் கொடுத்தால் வாங்குகிறவனை அவமதித்ததாக அர்த்தம். வலை வாங்க வருகிறவன் முதலில் கண்ணிகளைப் பார்க்க மாட்டான், தைத்த இடங்களைத் தேடித் தடவிப் பார்ப்பான். தைப்பு நன்றாக இருந்தால் விலை ஏறும். இவன் சாமானைப் பார்த்துக்கொண்டவன் என்று.

என் மச்சான் வேலாயுதம் கரையில் வலைக்குப் பக்கத்தில் இருந்தான். காரைச் சுற்றி வந்தான், கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"இதோட சிலாபத்துக்குப் போனா, உடப்பான் கிழிஞ்ச சாமானைக் கொண்டாந்து தலையில கட்டினான் எண்டு சொல்லுவானுகள். போ, போய்ச் சோறு தின்னு. நான் பாத்துக்கிறேன்."

"ஒண்டும் மாத்தக் கூடாதாம் மச்சான்."

"நான் என்ன மாத்தவா போறேன்? தைக்கத்தானே போறேன்."

பாய் தைக்கும் ஊசி, நீல நைலோன் நூல். அவன் தைத்த தையலை நீங்கள் பார்க்க வேண்டும். சும்மா ஓட்டித் தைக்கவில்லை. வலைக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது ஓடாது. மூன்று கிழிசலும் மூன்று மீன் முள்ளு மாதிரி நேராக, நீலமாக. நான் பாரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டு வரும்போது முடித்திருந்தான். காசு எடுக்கவில்லை. ராத்தாவின் வாப்பா ஒரு பெருநாளைக்கு எங்கள் கரைக்கு அரிசி அனுப்பியவராம், அதற்குச் சரி என்றான்.

சிலாபத்துக்குப் பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐயா ஒரு ரெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. மரியாதையான ஆள்தான், என்னை இருக்கச் சொல்லித் தேத்தண்ணியும் சொன்னார். காரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். விளக்கைத் தடவுகிறார், கம்பியை எண்ணுகிறார், கீழே படுத்துச் சுறா எண்ணெயை மணந்து பார்த்து, அருமை, அருமை என்கிறார். அந்த நாற்றத்தை அருமை என்று சொன்ன முதல் மனிதர். பிறகு கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

நடந்ததைச் சொன்னேன். சென்றி, கத்தி, எல்லாம். அவர் கையால் போதும் என்று காட்டினார்.

"வெட்டைப் பற்றி எனக்குப் பிரச்சினை இல்லை. வெட்டோட கொண்டுவந்திருந்தா அப்படியே எடுத்திருப்பன். அது காருக்கு நடந்த விஷயம், அது ஹிஸ்டரி. இந்த நூல்தான். இது நீங்க செய்தது. இப்ப இது ஒரிஜினல் இல்லை."

நான் திரும்பக் கேட்டேன், சரியாக விளங்கிக்கொள்ள. "அப்ப ஐயா, வெட்டினது ஒரிஜினல். தைச்சது ஒரிஜினல் இல்லை."

"ஓம். அப்படித்தான்."

இத்தனை வருஷம் போயும் அந்த "ஓம்" எனக்குச் செமிக்கவில்லை. ஒருத்தன் கத்தியால் கிழித்தது சரித்திரமாம். ஒருத்தன் சோறு தின்னாமல் குந்தியிருந்து தைத்தது பழுதாம். வெட்டினவனும் ஆள்தானே, தைத்தவனும் ஆள்தானே. இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இது கார் சேகரிக்கிறவர்களுக்கு விளங்குகிற விஷயம் என்றார். பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். விருப்பமில்லாவிட்டால் கொண்டுபோங்கள் என்றார்.

எனக்கு அந்த நேரமே காரைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. ஆனால் என் கோபத்துக்கு உவர்த் தண்ணீர் குடிக்கப் போவது நான் இல்லையே. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொமியூனிகேஷன் என்கிற போன் கடையில் இருந்து, போன் இருந்த கற்பிட்டிப் பேக்கரிக்கு அடித்தேன். அவர்கள் ஆள் அனுப்பி ராத்தாவைக் கூட்டிவர அரை மணித்தியாலம். கதையைச் சொன்னேன். கார் போகிறதே என்று அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த சீட் அவருக்கு வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாமாம் ராத்தா. வேற செய்விக்கிறாராம்."

"அப்ப சீட்டைக் கழட்டிட்டுக் காரைக் குடுங்க. வேணாம் எண்டு விலையைக் குறைச்சவருக்கு அதை ஏன் சும்மா குடுக்கிற? எங்கட மனுசர் தைச்ச சாமான் எங்கட ஊட்டுக்கு வரட்டும்."

ஐயா சரி என்றுவிட்டார். நாலு நட்டைக் கழற்றினேன், பாலாவியில் கழற்றித் தருகிறேன் என்று சொன்ன அதே நாலு நட்டு. சாரதி சீட் இல்லாத காரை ஒரு பெட்டி மேலே உட்கார்ந்து அவருடைய சாரதி ஓட்டிக்கொண்டு போனான். அதைப் பார்க்கக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

நான் சீட்டைத் தூக்கிக்கொண்டு புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் சீட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டான். டிக்கெட் எடுத்த சீட்டில் நானே உட்காருகிறேன் என்று நடைபாதையில் போட்டு உட்கார்ந்தேன், பஸ்ஸே சிரித்தது. பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடித்தேன். சென்றியில் எல்லாரையும் இறக்கினார்கள். அதே பையன். கார் எங்கே என்று கேட்டான். போய்விட்டது, உன் கத்தி பட்டது மட்டும் திரும்பி வந்திருக்கிறது என்றேன். பயம் விட்டுப்போன நேரம் அது. அவன் குனிந்து பெருவிரலால் அந்த முடிச்சுகளை மேலிருந்து கீழ் வரைக்கும் அழுத்திப் பார்த்தான். "ஹொந்தாய்" என்றான். சிங்களத்தில் நல்லா இருக்கு என்று அர்த்தம். கிழித்தவனுக்கே விளங்கியது, பூதக்கண்ணாடி வைத்திருந்தவருக்கு விளங்கவில்லை.

கிணறு வெட்டினார்கள். நல்ல தண்ணீர். இஞ்சினுக்கும் குழாய்க்கும் காசு போதவில்லை, ஐயா குறைத்த அந்த மூன்றில் ஒரு பங்கு அதுதான். கொட்டிலிலிருந்து கிணற்றுக்குத் தோட்டம் முழுக்கக் கடக்க வேண்டும். ஏழு வருஷம் பெண்கள் இடுப்பில் குடத்தோடு நடந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு நடந்தார்கள். நீல நூல் பிடிக்காத ஒரு மனிதருக்காக. சீட்டை ராத்தா கிணற்றடியில் போட்டு, மேலே ஒரு கிடுகுக் கூரையும் இறக்கினார். முறைக்குக் காத்திருக்கிறவர்கள் உட்கார.

இப்போது விளம்பரத்துக்கு வருகிறேன். விற்பவர் அதே ஐயா, வயது போய்விட்டது. படத்தில் சீட் புதுசு, செக்கச் சிவந்த தோல். கீழே ஒரிஜினல் என்று போட்டிருக்கிறது. வாங்க வந்த யாரோ சீட் புதுசு என்று கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அதனால் போன ஞாயிறு ஒரு புரோக்கர் கற்பிட்டிக்குப் போய் ராத்தாவிடம் பழைய சீட்டைக் கேட்டிருக்கிறான். நல்ல விலைதான் சொன்னானாம். கொழும்பில் அந்த நீல நூலை அறுத்து எடுத்துவிட்டு, வெட்டை வெட்டாகவே வைத்துக் காரில் பூட்டுவார்களாம். அப்போதுதான் முழுக் காரும் ஒரிஜினலாம்.

ராத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, வாய்க்குக் குறைவில்லை. "நூலோட எண்டா எடுங்க. நூலை அறுக்கப் போறதெண்டா கிணத்தடிக்கே வராதீங்க" என்றிருக்கிறார். அவன் வெள்ளிக்கிழமை ஐயாவையே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். ராத்தா எனக்குப் போன் அடித்தார். நானும் மச்சானும் போகிறோம்.

நீங்களும் அந்தப் பக்கம் போகிறதென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு நாள் முழுக்க பஸ் உண்டு, ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். டொல்பின் பார்க்க ஆசை என்றால் மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் போங்கள், சோழகத்தில் போனால் வாய் முழுக்க மண். குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டுபோங்கள். பழைய கார் வாங்குகிறவர்களே, சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எது மாறவில்லை என்று கேட்காதீர்கள், யார் தைத்தது என்று கேளுங்கள். தைத்தவன் பெயர் தெரியாமல் எல்லாம் ஒரிஜினல் என்று சொல்கிறவனிடம் ஒரு சைக்கிள்கூட வாங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஐயா வருவார். முதலில் அந்த சீட்டில் அவரை உட்கார வைப்பேன். மச்சானைக் காட்டி, இந்தக் கைதான் ஐயா என்று சொல்லுவேன். அதற்குப் பிறகும் அவர் அந்த நூலுக்குக் கத்தி எடுத்தால், வயது போன ஆள் என்றும் பார்க்காமல் நான்

"மச்சான், வலை கரைக்கு வருது. இழுக்க ஆள் காணாது. அந்தப் போனை வச்சிட்டு வா."

இந்தா வாறேன் வேலாயுதம், ஒரு நிமிஷம், இவங்களுக்கு இதை மட்டும் சொல்லிட்டு, அவர் கத்தியை எடுத்தால் நான் அந்த...